திரும்பி வந்த கடலை

வறுத்த கடலையை ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கும்போது, அத்தனை பருப்புகளின் ருசியையும் ஒரே ஒரு கசப்புப் பருப்பு கெடுத்துவிடுவது கரிசல் காட்டில் பிறந்த எவருக்கும் தெரிந்த அனுபவம்தான். துப்பிவிட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடியும் அள்ளத் தொடங்குவோம். அந்த ஒற்றைப் பருப்பைக் குறித்து ஜெனீவாவிலும் ரோமிலும் பிரஸ்ஸல்ஸிலும் ஆண்டுக்கணக்கில் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது, தூத்துக்குடியில் கப்பல் சரக்குகளுக்கான காகிதங்களைத் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

என் ஊர் சங்கரன்கோவிலுக்கும் கழுகுமலைக்கும் இடையில் இருக்கிறது. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாயிற்று. 2019இல் தென்காசியும் பிரிந்தது. வரைபடத்தில் மூன்று மாவட்டங்களாகிவிட்டாலும், கடலை விளைகிற ஊர், கடலை மிட்டாய்க்குப் பேர்போன கோவில்பட்டி, கடலை ஏறுகிற துறைமுகம் எல்லாமே எங்கள் பேச்சில் இன்னமும் திருநெல்வேலிச் சீமைதான். மானாவாரிக் கடலையைப் பிடுங்கி, ஆய்ந்து, களத்தில் காயப்போட்டு, குலுக்கிப் பார்த்துக் கலகலவென்று சத்தம் கேட்ட பிறகு சாக்கில் கட்டும் குடும்பத்தில் பிறந்தவன், அந்தச் சாக்குகளுக்கு ஷிப்பிங் பில் எழுதும் வேலைக்கு வந்து சேர்ந்தேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. எங்கள் அலுவலகத்தின் வழியாக ஓர் ஏற்றுமதியாளர் 19 டன் நிலக்கடலைப் பருப்பை ஒரு கன்டெய்னரில் ரோட்டர்டாமுக்கு அனுப்பியிருந்தார். ஐம்பது அறுபது கவுண்ட் பருப்பு. அதாவது ஒரு அவுன்ஸுக்கு ஐம்பதிலிருந்து அறுபது பருப்புகள் நிற்கும் தரம். கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துச் சரக்கு அங்கே போய்ச் சேர்ந்தது. அதன்பின் ஒரு காலையில் மின்னஞ்சல் வந்தது: அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு மொத்தம் 11, அதில் பி1 வகை 7, அனுமதிக்கப்பட்ட அளவு 4 மற்றும் 2, ஆகவே சரக்கு உள்ளே விடப்படாது. அன்று மத்தியானமே அந்த ஏற்றுமதியாளர் அண்ணாச்சி வந்துவிட்டார். சென்னையில் எடுத்த சோதனை அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதை என் மேசையில் விரித்து, எண்ணின்மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏல தம்பி, மெட்ராஸ்ல பாக்கும்போது மூணு. அங்க போனா பதினொண்ணாம். போற வழியில கடலை குட்டியா போட்டுச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவே எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

முதலில் அந்த நான்கு என்பது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நூறு கோடியில் நான்கு பங்கு; ஒரு கிலோவில் நான்கு மைக்ரோகிராம். அண்ணாச்சியின் 19 டன்னுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 76 மில்லிகிராம் வருகிறது. ரசத்துக்குக் கிள்ளிப் போடும் ஒரு சிட்டிகை உப்பில் கால் பங்குகூட இராது. அந்தக் கால் சிட்டிகையும் சரக்கு முழுவதிலும் சமமாகக் கரைந்து கிடப்பதில்லை என்பதில்தான் வம்பே தொடங்குகிறது. இந்த நஞ்சை உண்டாக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை, எல்லாப் பருப்பையும் தொடுவதில்லை. புழு துளைத்தது, தோடு விரிந்தது, வறட்சியில் சுருங்கியது என்று ஆயிரக்கணக்கில் ஒன்றைப் பிடிக்கிறது. பிடித்த அந்த ஒன்றில் நஞ்சு குவிந்துவிடுகிறது. தனிப் பருப்பொன்றில் நூறு கோடியில் பத்து லட்சம் பங்குக்கு மேலும் இருந்திருப்பதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். அரை கிராம் எடையுள்ள அப்படிப்பட்ட ஒரு பருப்பில் மட்டும் அரை மில்லிகிராம் நஞ்சு இருக்கும். அண்ணாச்சியின் கன்டெய்னரில் ஏறத்தாழ 3 கோடியே 80 லட்சம் பருப்புகள் இருந்திருக்கும். அவற்றில் அத்தகைய நூற்றைம்பது பருப்புகள் கலந்திருந்தாலே போதும், முழுச் சரக்கும் வரம்பைத் தொட்டுவிடும்.

இப்போது அந்த நூற்றைம்பதைக் குத்தூசியால் தேட வேண்டும். எங்கள் கிட்டங்கிகளில் மூட்டைக்கு மூட்டை குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் கொட்டுகிற பருப்பைப் பார்த்து விலை பேசுவது பழைய வழக்கம். ஐரோப்பிய விதியும் அடிப்படையில் அதே காரியத்தைத்தான் ஒழுங்குபடுத்திச் சொல்கிறது: பெரிய சரக்கென்றால் நூறு இடங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து, 20 கிலோ அளவுக்குச் சேர்த்து, அரைத்துச் சோதிக்க வேண்டும். அந்த 20 கிலோவில் கொடிய பருப்பு ஒன்று விழுந்துவிட்டால் எண் 25ஐத் தொடும். ஒன்றும் விழாவிட்டால் சரக்கு சுத்தம் என்று காகிதம் வரும். ஒரே குவியலில் இரண்டு முறை குத்தினால் மூன்றும் வரலாம், பதினொன்றும் வரலாம். சென்னை ஆய்வகமும் பொய் சொல்லவில்லை, ரோட்டர்டாமும் சொல்லவில்லை. கன்டெய்னருக்குள் வெப்பமும் ஈரமும் மாறி மாறி வந்து, கூரையில் நீர் கோத்துச் சொட்டி, பயணத்திலேயே பூஞ்சை வளர்வதும் உண்டுதான்; ஆகவே அண்ணாச்சியின் குட்டி போடும் கருத்தையும் முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஆனால் பெரும்பாலும் அது குத்தூசி எங்கே இறங்குகிறது என்பதைப் பொறுத்த சீட்டாட்டம்.

இன்னொரு உண்மையையும் நான் இங்கே சொல்லியாக வேண்டும். நான்கு என்ற வரம்பு நேரடியாக உண்பதற்கான கடலைக்கு உரியது. உண்பதற்குமுன் தரம்பிரித்தோ வேறு வகையில் பதப்படுத்தியோ பயன்படுத்தப்போகும் கடலைக்கு ஐரோப்பிய வரம்பு மொத்தம் 15, பி1 8. வந்திருந்த 11ம் 7ம் அந்த வரம்புக்குள் அடங்கும். ஆனால் அந்த வரம்பு செல்ல வேண்டுமானால், இது தரம்பிரிப்புக்கு உட்படுத்தப்பட வேண்டிய பொருள் என்ற வாசகம் ஒவ்வொரு சாக்கிலும் காகிதத்திலும் இருந்தாக வேண்டும். எங்கள் காகிதத்தில் அது இல்லை. வாங்குபவரும் கேட்கவில்லை, அண்ணாச்சியும் சொல்லவில்லை, எனக்கும் அப்போது தெரியாது. பயிர்நலச் சான்றிதழ், புகையூட்டல் சான்றிதழ், பில் ஆஃப் லேடிங் என்று எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரிபார்த்த நான், சாக்கின்மேல் இருக்க வேண்டிய ஒரு வரியைக் கோட்டைவிட்டிருந்தேன். அது இருந்திருந்தால் அதே கடலை, அதே நஞ்சோடு, அதே துறைமுகத்தில் இறங்கியிருக்கும். இதை அண்ணாச்சியிடம் சொல்லும் துணிவு எனக்கு ஓராண்டு கழித்துத்தான் வந்தது. அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி விடு, படிச்சவன் தப்பு படிச்ச தப்பு" என்று மட்டும் சொன்னார்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்ற கதை வான்கோழியில் தொடங்குகிறது. 1960இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கைத் தீவனமாகப் போட்டிருந்தது தெரிந்தது. அதில் பிடித்திருந்த பூஞ்சையின் பெயரிலிருந்தே நஞ்சுக்கும் பெயர் வைத்தார்கள். இது வெள்ளைக்காரன் நம் சரக்கைத் தடுக்கக் கட்டிய கதை என்று எங்கள் கடைத்தெருவில் சிலர் இன்றும் நம்புகிறார்கள். அவர்களுக்கு நான் 1974ஐ நினைவூட்டுவதுண்டு. அந்த ஆண்டு ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதிப் பழங்குடிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று 397 பேர் கல்லீரல் நோயில் விழுந்தார்கள். 106 பேர் இறந்தார்கள். அந்தச் சோளம் எந்தக் கப்பலிலும் ஏறவில்லை. அதைச் சோதிக்க எந்தத் துறைமுகமும் குறுக்கே நிற்கவில்லை.

நஞ்சு உண்மை என்பதில் எவருக்கும் சண்டையில்லை. எவ்வளவு நஞ்சு வரை பொறுக்கலாம், அதை யார் முடிவு செய்வது என்பதில்தான் சண்டை. 1995 ஜனவரி முதல் தேதி உலக வர்த்தக அமைப்பு தொடங்கியபோது, அதனோடு உணவுப் பாதுகாப்பு, விலங்கு நலம், பயிர் நலம் ஆகியவற்றுக்கான ஓர் ஒப்பந்தமும் நடைமுறைக்கு வந்தது. அதன் சாரம் எளியது. எந்த நாடும் தன் மக்களின் உடல்நலத்தைக் காக்கத் தனக்கு வேண்டிய வரம்பை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு அறிவியல் சான்று இருக்க வேண்டும், ஆபத்தை மதிப்பிட்டிருக்க வேண்டும், அந்த வரம்பு வணிகத்தைத் தடுக்கும் வேலிக்குப் போர்த்திய முக்காடாக இருக்கக் கூடாது. உணவைப் பொறுத்தவரை, உலக உணவு மற்றும் வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் 1963இல் சேர்ந்து உருவாக்கிய கோடெக்ஸ் ஆணையம் வகுக்கும் அளவைப் பின்பற்றினால் கேள்வி இல்லை. அதைவிடக் கடுமையாக வைத்தால் காரணம் காட்ட வேண்டும்.

கோடெக்ஸ் 1999இல், மேலும் பதப்படுத்தவிருக்கும் கடலைக்கு 15 என்று வகுத்தது. அமெரிக்கா 20 என்கிறது. நம் நாட்டில் நெடுங்காலம் 30 இருந்தது. இப்போது பதப்படுத்துவதற்கு 15, நேரடியாக உண்பதற்கு 10. ஐரோப்பா 1998இல் நேரடியாக உண்பதற்கு 4 என்று அறிவித்தபோது பொலிவியா, பிரேசில், அர்ஜென்டினா முதலான நாடுகள் உலக வர்த்தக அமைப்பின் ஜெனீவாக் குழுவில் எதிர்த்துப் பேசின. உலக வங்கியைச் சேர்ந்த மூன்று பொருளியலாளர்கள் 2001இல் வெளியிட்ட கணக்கு அந்தக் காலத்தில் மிகவும் புகழ்பெற்றது: இந்தக் கடுமையால் ஐரோப்பாவில் தவிர்க்கப்படும் மரணம் ஆண்டுக்கு நூறு கோடிப் பேரில் 1.4; ஆப்பிரிக்காவின் தானிய, உலர்பழ, கொட்டை ஏற்றுமதிக்கு வரும் இழப்பு 67 கோடி டாலர். என் மேலதிகாரி இதை மனப்பாடமாக வைத்திருந்தார். வாடிக்கையாளர் யார் வந்தாலும் ஒப்பிப்பார். பத்தாண்டுகள் கழித்து நடந்ததை வேறு ஆய்வாளர்கள் திரும்பிப் பார்த்தபோது, அந்த வரம்பால் ஆப்பிரிக்கக் கடலை ஏற்றுமதி குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்றார்கள். முன்கூட்டிய கணக்கு பேச்சுவார்த்தை மேசையில் கர்ஜிக்கிறது. பின்னால் வருகிற கணக்கைக் கேட்பதற்கு அங்கே ஆள் இருப்பதில்லை.

அந்த விவாதத்தில் எனக்கு மிகவும் உறைத்தது வேறொன்று. அஃப்ளடாக்சின் எல்லாக் கல்லீரலையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. உலக அமைப்புகளின் நிபுணர் குழு 1997இல் மதிப்பிட்டபடி, ஹெபடைட்டிஸ் பி தொற்று உள்ளவர்களுக்கு அதன் புற்றுநோய் ஆற்றல் மற்றவர்களைவிட ஏறத்தாழ 30 மடங்கு. அந்தத் தொற்று குறைவாக உள்ள நாடுகள் மிகக் கடுமையான வரம்பை வைத்துக்கொண்டு அதற்காகப் போராடுகின்றன. தொற்று மிகுந்த நாடுகளின் பிரதிநிதிகள், வரம்பைத் தளர்த்துங்கள் என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது தங்கள் ஏற்றுமதியாளர்களுக்காக. அந்த மேசையில் அண்ணாச்சிக்குக்கூட ஒரு வகையில் பிரதிநிதி உண்டு. கடலையைத் தின்னும் எங்கள் ஊர்க்காரனுக்கு எவரும் இல்லை.

அறிவியல்தான் நடுவர் என்று சொல்லிவிட்டாலும், அறிவியலையும் வாக்கெடுப்பில்தான் முடித்திருக்கிறார்கள். மாட்டிறைச்சியில் வளர்ச்சி ஹார்மோன்களுக்கான அளவைக் கோடெக்ஸ் 1995இல் 33க்கு 29 என்ற வாக்கில் ஏற்றது. பன்றிக்கும் மாட்டுக்கும் கொடுக்கும் ராக்டோபமின் என்ற மருந்துக்கான அளவு 2012இல் 69க்கு 67. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தலில்கூட இதைவிடத் தெளிவான முடிவு வரும். ஹார்மோன் இறைச்சியை ஐரோப்பா 1989 முதல் தடுத்துவைத்திருந்தது. அமெரிக்காவும் கனடாவும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. குறிப்பிட்ட ஆபத்து மதிப்பீடு இல்லை என்று 1998இல் மேல்முறையீட்டு அமைப்பு ஐரோப்பாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தோற்ற பிறகும் ஐரோப்பா தடையை நீக்கவில்லை. அமெரிக்கா ஆண்டுக்கு 11 கோடியே 68 லட்சம் டாலர் அளவுக்கு ஐரோப்பியப் பொருள்கள்மீது பதில் வரி போட அனுமதி பெற்றது; ஹார்மோனுக்கும் தனக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத பிரெஞ்சு ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்காரன் அந்த வரியைச் சுமந்தான். 2009இல் ஹார்மோன் போடாத இறைச்சிக்கு ஒரு பங்கு ஒதுக்கிச் சமரசமானார்கள். பணமும் பொறுமையும் உள்ளவன் தன் வரம்பை விலைகொடுத்துக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் நான் அதிலிருந்து கற்றது. அந்த மேல்முறையீட்டு அமைப்பே 2019 டிசம்பரிலிருந்து உறுப்பினர் போதாமல் முடங்கிக் கிடக்கிறது.

எள்ளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கடலைக்குப் பிறகு என்னைக் கிறுக்காக்கிய சரக்கு அதுதான். இந்திய எள்ளில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கிறது என்று ஐரோப்பியத் துறைமுகங்களில் நெடுங்காலம் புகார். கிருமியைக் கொல்லும் வழிகளில் ஒன்று எத்திலீன் ஆக்சைடு வாயுவைச் செலுத்துவது. 2020 செப்டம்பரில் பெல்ஜியத்தில் இந்திய எள்ளில் அந்த வாயுவின் எச்சம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் ஐரோப்பா முழுவதும் எள் தூவிய ரொட்டி, பிஸ்கட் என்று கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. எள்ளில் ஐரோப்பா பொறுப்பது கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். அமெரிக்காவோ அந்த வாயுவுக்கு மட்டும் 7 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. அது சிதைந்து உண்டாகும் குளோரோ சேர்மத்துக்குத் தனியாக 940. ஒரே கிட்டங்கியின் ஒரே எள், மேற்கே இரண்டு திசையில் புறப்பட்டால் ஒரு திசையில் மருந்து, மற்றொரு திசையில் நஞ்சு. நீராவியால் சுத்தம் செய்வதுதான் இரண்டுக்கும் தப்பும் வழி. அதற்கான எந்திரத்தை வாங்கக்கூடிய ஆள்கள் எங்கள் வாடிக்கையாளர்களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். மற்றவர்கள் எள்ளை விட்டுவிட்டார்கள்.

திரும்பி வந்த கடலைக்கு வருகிறேன். ரோட்டர்டாமிலேயே அழிப்பதற்கு ஆகும் செலவைவிடத் திருப்பிக் கொண்டுவரும் கப்பல் கூலி குறைவு என்று கணக்குப் பார்த்து, அண்ணாச்சி அதைத் தூத்துக்குடிக்கே வரவழைத்தார். சுங்கச் சடங்குகளை நான்தான் முடித்தேன். கன்டெய்னர் கதவைத் திறந்தபோது அடித்த அந்த நமத்த வாடை இன்னும் நினைவிருக்கிறது. பார்வைக்குப் பருப்பு செக்கச்செவேலென்று நன்றாகத்தான் இருந்தது. அவர் அதை ஓர் எண்ணெய் ஆலைக்கு விற்றார். சட்டப்படி அதில் குற்றம் ஏதுமில்லை. 11 என்பது அன்றைய இந்திய வரம்பான 30க்குள் நன்றாகவே அடங்கியது. ஐரோப்பியக் குழந்தை தின்னக் கூடாத கடலை, கடல் தாண்டி வந்ததும் நல்ல கடலையாகிவிட்டது.

எண்ணெய் ஆலையில் நடப்பதையும் பார்க்க வேண்டும். கடலையை ஆட்டும்போது இந்த நஞ்சின் பெரும்பகுதி எண்ணெயோடு போவதில்லை, புண்ணாக்கில் தங்கிவிடுகிறது. சுத்திகரித்த எண்ணெயில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. இப்போது எல்லோரும் விரும்பி வாங்கும் செக்கெண்ணெயில் சிறிது இருக்கும். புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. மாடு தின்ற பி1 நஞ்சில் சில விழுக்காடு, எம்1 என்ற வேறு உருவத்தில் பாலில் இறங்குகிறது. காய்ச்சினால் அது அழிவதில்லை. பாலில் எம்1க்கு ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 0.05 மைக்ரோகிராம், கோடெக்ஸும் இந்தியாவும் வைத்திருப்பது 0.5, பத்து மடங்கு. அந்தப் பத்து மடங்குத் தளர்வையும் தாண்டியவை எத்தனை என்று நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமே நாடு முழுவதும் 6,432 மாதிரிகளை எடுத்துப் பார்த்து 2019இல் வெளியிட்டது: 368 மாதிரிகள், 5.7 விழுக்காடு. மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இங்கே எடுத்த 551 மாதிரிகளில் 88. தண்ணீர் கலந்த பாலுக்காகப் பால்காரரோடு தெருவில் நின்று சண்டை போடுகிற நாம், இந்தச் செய்தியை ஒரு நாள் பத்திரிகையில் படித்துவிட்டு மறந்துபோனோம்.

இதே பாலை வைத்து நாமும் வேலி போடுகிறோம். வெளிநாட்டிலிருந்து பால் பொருள் வர வேண்டுமென்றால், அந்த மாடுகளுக்கு அசைபோடும் விலங்குகளின் உறுப்பு, இரத்தம், தசை ஆகியவற்றால் ஆன தீவனம் ஒருபோதும் கொடுக்கப்படவில்லை என்ற சான்றிதழை இந்தியா கேட்கிறது. அமெரிக்கப் பால் உற்பத்தியாளர்கள் இதை வணிகத் தடை என்று முறையிட்டார்கள். 2019 ஜூனில் இந்தியாவுக்கு அளித்துவந்த வரிச் சலுகைத் திட்டத்தை அமெரிக்கா நிறுத்தியதற்கு அந்த முறையீடும் ஒரு காரணம். அண்மைய பேச்சுவார்த்தைகளிலும் பாலும் மரபணு மாற்றிய மக்காச்சோளமும்தான் முட்டுக்கட்டையாக நின்றன. என் சொந்தக் கருத்தைக் கேட்டால், அந்தச் சான்றிதழ் இருக்கட்டும் என்பேன். மாட்டுக்கு மாட்டையே அரைத்துப் போட்ட பாலை எங்கள் அம்மா பூசை அறைக்குள் விடமாட்டாள். சிறு பால்காரர்களின் பிழைப்பும் அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் அதை உடல்நல அறிவியல் என்று வேடம் கட்டத் தேவையில்லை. அது நம் மனம், நம் பிழைப்பு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். பறவைக் காய்ச்சலைக் காட்டி அமெரிக்கக் கோழியைத் தடுத்த வழக்கில், சர்வதேச அளவுகோலையும் பின்பற்றவில்லை, ஆபத்து மதிப்பீடும் செய்யவில்லை என்று 2015இல் இந்தியா தோற்றது. ஹார்மோன் வழக்கில் ஐரோப்பா எதற்காகத் தோற்றதோ, ஏறத்தாழ அதே காரணம். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் அலுவலகத்தில் எவரும் வாய் திறக்கவில்லை. வரம்பு நமக்கு எதிராக இருந்தால் சூழ்ச்சி, நாம் வைத்தால் தற்காப்பு என்ற பழக்கம் அவ்வளவு எளிதில் விடுவதில்லை.

அந்த எண்கள் ஜெனீவாவிலிருந்து எங்கள் ஊர் வரை எப்படி வந்து சேர்கின்றன என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். வேளாண் பொருள் ஏற்றுமதியைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான அபீடா, ஏற்றுமதிக் கடலைக்கென்று தடமறியும் முறை ஒன்றை வைத்திருக்கிறது. ஆலைகள் பதிவு செய்ய வேண்டும், மாதிரிகள் அங்கீகரித்த ஆய்வகத்துக்குப் போக வேண்டும், சான்றிதழ் இல்லாமல் சரக்கு கப்பல் ஏறாது. அந்தத் தடம் ஆலையின் வாசலில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய காடும் களமும் அதில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. சரக்கு திரும்பிவந்தால் ஏற்றுமதியாளர் ஆலைக்காரரிடம் கழித்துக்கொள்கிறார். ஆலைக்காரர் கமிஷன் மண்டியில். மண்டிக்காரர் மூட்டைக்கு இவ்வளவு என்று காட்டுக்காரனிடம். நான்கு என்ற எண்ணைக் காட்டுக்காரனான என் அண்ணன் ஒருபோதும் கேள்விப்பட்டதில்லை. "இந்த வருசம் வெளிநாட்டுக்காரன் எடுக்கலையாம்" என்ற வாக்கியமாகவும், விலையில் ஒரு வெட்டாகவும்தான் அது அவனிடம் வந்து சேர்கிறது.

நஞ்சைக் குறைப்பதற்கான வழிகளில் பாதி அவன் கையில்தான் இருக்கின்றன. காய் முற்றும் நேரத்தில் வறட்சி என்றால் ஒரு தண்ணீர் கொடுப்பது, பிடுங்கியதும் மழைக்குமுன் காயவைப்பது, பருப்பின் ஈரம் 7 விழுக்காட்டுக்குக் கீழே வந்த பிறகு கட்டுவது. மானாவாரிக்காரனிடம் ஒரு தண்ணீர் கொடு என்று சொல்வது எவ்வளவு அபத்தம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தோடு உடைக்கும் மில்லில் நடக்கும் ஒரு காரியத்துக்கு வறட்சியைக் குறைசொல்ல முடியாது. உடைப்பதற்குமுன் காயின்மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். காய்ந்த காயை அப்படியே போட்டால் பருப்பு இரண்டாகப் பிளந்துவிடும், பிளந்த பருப்புக்கு விலை கிடையாது என்பது காரணம். எடை கூடும் என்பது சொல்லாத காரணம். வெயிலில் நாலைந்து நாள் பாடுபட்டு எடுத்த ஈரத்தை ஒரு வாளித் தண்ணீர் அரை மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அந்த ஈரத்தோடு சாக்கில் கட்டி, தகரக் கூரைக்கடியில் அடுக்கினால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? மில்லுக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "தெளிக்காம உடைச்சா நொறுங்கல் விழுந்த நஷ்டத்த யாரு குடுப்பா? அந்த ஐரோப்பாக்காரன் குடுப்பானா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வரம்பை விதிக்கும் ஒப்பந்தங்களில் வளரும் நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவி என்று ஒரு பிரிவு உண்டு. அதிலிருந்து ஒரு ஈரமானிகூட அந்த மில்லுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, மதினி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விதைக் கடலையைச் சுளகில் போட்டுத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தாள். புடைப்பதும் பொறுக்குவதும் ஒரே ஓட்டமாக நடந்துகொண்டிருந்தன. தோல் கருத்தது, சுருங்கியது, சொத்தை, ஓரத்தில் பச்சைப் பொடி படிந்தது என்று விரல் தொட்ட மாத்திரத்தில் ஒதுக்கிவிடுகிறாள். ஐரோப்பிய விதி தரம்பிரித்தல் என்று எழுதிவைத்திருப்பது இதைத்தான். பெரிய ஆலைகளில் இதே வேலையை நிறம் பார்க்கும் எந்திரம் செய்கிறது. நஞ்சு சில பருப்புகளில் குவிந்திருப்பதால், அந்தச் சிலவற்றை எடுத்துவிட்டால் மீதி ஏறக்குறைய சுத்தமாகிவிடுகிறது. எனக்குத் தெரிந்த எல்லாக் காகிதங்களையும்விட நம்பகமான சோதனை என் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. அவள் பக்கத்தில், ஒதுக்கிய பருப்புகள் ஒரு பழைய உரச்சாக்கில் கால்வாசிக்குச் சேர்ந்திருந்தன.

"இத என்ன செய்வீங்க மதினி?"

"செக்குக்காரவுக வந்து எடுத்துட்டுப் போவாவ. கிலோவுக்கு ஏதோ குடுப்பாவ. தூரவா போட முடியும்?"

எண்ணெயை அவர்கள் வைத்துக்கொண்டு புண்ணாக்கைத் திருப்பித் தருவார்களாம், அது கொல்லையில் கட்டியிருக்கும் மாட்டுக்கு ஆகுமாம். சொல்லிவிட்டு, சுளகைத் தட்டிச் சாய்த்துவைத்து எழுந்து உள்ளே போனாள். காலையில் கறந்த பால் இருந்தது. எனக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.